ரோட்டுண்டா எந்தப் பக்கம் விழுந்தது

கயேதான் சவாடிலுக்கு இந்த உலகத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று, வியன்னா நகரத்துப் பிராட்டர் தோட்டத்தில் இரும்பும் மரமும் சாந்துமாக உட்கார்ந்திருந்த ரோட்டுண்டா என்ற வட்ட மண்டபம். இன்னொன்று, அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஹெர்மினே ஷெபெஸ்டா. இரண்டும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் தலை பெரிது. முதலாவது வாய் திறக்காது என்பதால் அதன் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

அந்த மண்டபம் விழுவதைக் கண்ணால் பார்க்காமல் சாவதில்லை என்பது சவாடிலின் சபதம். வெறும் வாய்ச்சொல் இல்லை. மூன்று தடவை பாதிரியார் அவருக்குக் கடைசி எண்ணெய் பூச வந்தார். மூன்று தடவையும் சவாடில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அது இருக்கா?" என்று கேட்டார். பாதிரியார் பொய் சொல்லத் தெரியாதவர். இருக்கிறது என்றதும் சவாடில் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். நான்காவது தடவை இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பாதிரியார் மேலிடத்தில் அனுமதி கேட்டு வைத்திருப்பதாகப் பேச்சு.

இவ்வளவு வன்மம் ஒரு கட்டடத்தின் மேல் எப்படி வந்தது என்றால், அது அவருடைய அப்பா இக்னாஸிடமிருந்து வந்த சொத்து. வேறு சொத்து எதுவும் வரவில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்றில் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடக்கப் போகிறது, அதற்கென்றே பிராட்டரில் ரோட்டுண்டாவைக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இக்னாஸின் கால் தரையில் படவில்லை. பிராட்டர் ஓரத்திலேயே அவருக்கு நான்கு மாடி வீடு. உலகமே வரும், வந்த உலகம் எங்காவது படுத்துத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தார். ஊரில் வீடு வைத்திருந்த அத்தனை பேரும் அதையேதான் நினைத்தார்கள். ஒரு மாத வாடகையை ஒரு ராத்திரிக்குக் கேட்டார்கள். இக்னாஸ் ஏப்ரல் மாதமே பழைய குடித்தனக்காரர்களை எல்லாம் மூட்டை முடிச்சோடு தெருவில் இறக்கினார். ஆங்கிலேயர் குளிக்காமல் தூங்கமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அறைக்கு ஒன்றாகத் தகரத் தொட்டி வாங்கிப் போட்டார். ஜப்பான்காரருக்கு என்று ஓர் அறையில் கட்டில் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார். துருக்கிக்காரர் தொழுவதற்காக இன்னோர் அறையின் சுவரில் மெக்காவின் திசைக்கு அம்பு வரைந்தார். அவசரத்தில் அது நார்வேயைக் காட்டியது.

மே முதல் தேதி சக்கரவர்த்தி கண்காட்சியைத் திறந்து வைத்தார். மழை கொட்டியது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பங்குச் சந்தை சரிந்தது. முந்தின நாள் குதிரை வண்டியில் போனவர்கள் மறுநாள் அந்த வண்டியை விற்கத் தெருத்தெருவாக நடந்தார்கள். கோடையில் காலரா வந்தது. வாடகையைக் கேட்டு மலைத்துப் பாதிப் பேர் வரவில்லை, காலராவைக் கேட்டு மீதிப் பேர் வரவில்லை. மலையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த நல்ல தண்ணீர், கண்காட்சி மூட்டை கட்டுகிற நேரம் பார்த்து ஊருக்குள் வந்து சேர்ந்தது. அந்தக் கோடை முழுக்க இக்னாஸின் வீட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டுக்காரர் ஒரே ஒருவர். அவரும் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வந்தார்.

இக்னாஸ் தெருவில் இறக்கியவர்களில் மத்தியாஸ் லூகெஷ் என்று ஒரு குடை ரிப்பேர்க்காரர். நாலாம் மாடியில், முற்றத்தைப் பார்த்த இருட்டறையில் இருந்தவர். மனைவி நிறைமாதம். போக்கிடம் இல்லாமல் தள்ளுவண்டியோடு கண்காட்சி வாசலிலேயே போய் நின்றார். மேலே மழை, எதிரே உலகம், உலகத்தின் கையில் குடை இல்லை. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த வண்டிக்கு அடியில், விற்காமல் ஒதுக்கி வைத்த ஒரே குடையின் மறைவில் பிறந்தவள்தான் ஹெர்மினே. இலையுதிர் காலத்தில் இக்னாஸின் வீடு ஏலத்துக்கு வந்தபோது லூகெஷ் அதைத் தொட்டிகளோடு சேர்த்து வாங்கினார். தொட்டிகளில் வாத்து வளர்த்தார். இக்னாஸ் மேல் இரக்கப்பட்டு நாலாம் மாடி இருட்டறையை அவருக்கே வாடகைக்கு விட்டார். இரக்கம் என்றால் இரக்கம், அப்படி ஓர் இரக்கம். அதிலேயே மூன்று வருஷம் வெந்து இக்னாஸ் போய்ச் சேர்ந்தார். மகன் அந்த அறையை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் தோற்றதாகிவிடும்.

கண்காட்சி முடிந்ததும் ரோட்டுண்டாவை இடித்துவிடுவதாகத்தான் பேச்சு. பிறகு, இடிக்கிற செலவு கட்டுப்படியாகாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். போர், பஞ்சம், ரொட்டிக்குக் கோணி நிறையப் பணம் கொண்டுபோன காலம், இவற்றை எல்லாம் சவாடில் மன்னித்துவிட்டார். இதை மன்னிக்கவில்லை. போதாததற்குத் தெருவுக்கே கண்காட்சித் தெரு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடிதம் எழுதினால் தன் விலாசத்தில் தெருப் பெயரின் மேல் மட்டும் மை கொட்டி வைப்பார். தபால்காரருக்குப் பழகிவிட்டது.

ஹெர்மினே வளர்ந்து, ஷெபெஸ்டா என்ற குடைக் கம்பெனி முதலாளியைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு அரசாங்கம் வர்த்தக ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுத்தது. வியன்னாவில் பட்டம் என்பது சட்டை மாதிரி, அது இல்லாமல் தெருவில் நடமாட முடியாது. புருஷனின் பட்டம் பெண்டாட்டிக்கும் உண்டு. புருஷன் செத்தாலும் பட்டம் சாகாது. சக்கரவர்த்தி போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகியும், அரசவையே இல்லாத ஊரில் தெருவுக்கு நாலு அரசவை ஆலோசகர்கள் உலாத்திக்கொண்டிருந்தார்கள். ஆக, கசாப்புக் கடையிலும் சர்ச்சிலும் காப்பிக் கடையிலும் ஹெர்மினே வர்த்தக ஆலோசகரம்மாதான். சவாடில் ஒருவர் மட்டும் "ஷெபெஸ்டாம்மா" என்பார். அதுவும் காறித் துப்பப் போகிறவர் மனசு மாறி விழுங்கிய மாதிரி சொல்வார். வர்த்தக ஆலோசகரம்மா என்ற வார்த்தை முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வாயில் வந்ததில்லை.

அவர் அறையிலிருந்து பார்த்தால் முற்றத்துக் குப்பைத் தொட்டி தெரியும். தெருப்பக்கத்து அறைகளிலிருந்து பார்த்தால் பிராட்டர் மரங்கள் தெரியும். ரோட்டுண்டா தெரியவேண்டுமானால் கூரைக்கு அடியில் இருக்கும் துணி காயப் போடும் தளத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. ஆனால் அந்தத் தளத்தின் சாவி குடித்தனத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் கிடைக்கும். சவாடிலின் நாள் செவ்வாய். செவ்வாய்தோறும் இரண்டு கைக்குட்டைகளைப் பிழிந்து கொண்டுபோய்க் காயப்போட்டுவிட்டு, அவை காய்கிற வரை ஜன்னலில் நின்று ரோட்டுண்டாவை முறைத்துக்கொண்டிருப்பார். குளிர்காலத்தில் கைக்குட்டை காய நேரமாகும். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. தொடர்ந்து முறைத்ததில் மண்டபத்தின் இந்தப் பக்கம் கொஞ்சம் உள்வாங்கிவிட்டதாக அவர் காப்பிக் கடையில் சொன்னதுண்டு. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரியின் நாள்.

ரோட்டுண்டா பற்றி எரிந்தது வெள்ளிக்கிழமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, செப்டம்பர் மாதம், சாப்பாட்டு நேரம். சவாடில் பிளம்ஸ் பழம் பொதிந்த கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் வைத்திருந்தார். கீழ்ப் படியிலிருந்து இரண்டாம் மாடிப் பிளாஹுட் அம்மாளின் குரல் கேட்டது. ரோட்டுண்டாவில் தீ, கூரை முழுக்கப் பிடித்துக்கொண்டது, வண்டி வண்டியாகத் தீயணைப்புக்காரர்கள் போகிறார்கள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சவாடில் கொழுக்கட்டையை மெல்லாமல் விழுங்கினார். வலது காலில் வாதம், தலையணை உறை சுற்றிய கட்டு. இறங்குவது என்றால் நாலு மாடி, அப்புறம் தெரு, அப்புறம் பிராட்டரின் கூட்டம். ஏறுவது என்றால் ஒரே மாடி. யோசிக்க ஒன்றுமில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றி முகம் கழுவும் கிண்ணத்தில் முக்கி எடுத்து, வெறும் பனியனுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட மேலே நொண்டினார்.

மேல்தளக் கதவருகே அவர் போய் நின்றதும், முதல் மாடியிலிருந்து மூச்சு வாங்க ஹெர்மினே ஏறி வந்தாள். கையில் சாவி. கண் சிவந்திருந்தது. உள்ளே அவளுடைய வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன, கரி படிவதற்குள் எடுக்கவேண்டும். அதைவிட, தான் பிறந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய கூரையைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவேண்டும். சவாடிலைக் கண்டதும் சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"உங்க நாள் செவ்வாக்கெழம."

"தெரியும். இது அவசரச் சலவ."

அவள் சட்டையைப் பார்த்தாள். "தொவைக்கவே இல்லியே. பிளம்ஸ் கற அப்படியே இருக்கு."

"காஞ்சப்புறம் தொவைப்பேன். கதவத் தெறங்க, ஷெபெஸ்டாம்மா."

"தெறக்க மாட்டேன். எங்க வீட்டு எழவுல வந்து நின்னு நீங்க சிரிப்பீங்க. அதுக்கு நான் கதவு தெறந்து விடணுமா?"

"எங்கப்பா எழவுல மழை பேஞ்சப்ப உங்கப்பா குடை வித்தாரு. நான் ஏதாவது சொன்னேனா?"

"நல்ல குடை. நீங்களே ஒண்ணு வாங்கினீங்க."

"ஓட்டக் குடை."

கதவின் சாவித் துளை வழியாகப் புகை வாசனை வந்தது. வெளியே மணி அடித்துக்கொண்டு வண்டிகள் ஓடின. கதவுக்கு அந்தப் பக்கம் அறுபத்து நாலு வருஷக் கடன் தீர்ந்துகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் ஒரு குடைக்காரி வழிமறிக்கிறாள். தள்ளிவிட்டுப் போகலாம் என்றால் ஒற்றைக் காலில் நிற்பவர் யாரைத் தள்ளமுடியும்? முதல் தடவையாக அவர் குரலை இறக்கி, ஒரு நிமிஷம் போதும், சிரிக்க மாட்டேன், வேண்டுமானால் வாயில் சட்டையைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன் என்றார்.

அவர் கெஞ்சியதில் ஹெர்மினேவுக்கு அழுகை நின்றுவிட்டது. சாவியை முன்னால் கொண்டுவந்து காட்டினாள்.

"வர்த்தக ஆலோசகரம்மா, தயவு பண்ணி கதவத் தெறங்கன்னு சொல்லுங்க. ஒரே தடவ. தெறக்கறேன்."

சவாடில் வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது உண்மை. அங்கே ஏற்கெனவே கொழுக்கட்டை இருந்ததோ, அப்பா இருந்தாரோ, அது மேலே வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். "வர்" வரைக்கும் வந்தது. முகம் பீட்ரூட் ஆயிற்று. பிறகு திடீரென்று முதுகை நிமிர்த்தி, தலை குனிந்து, காப்பிக் கடைப் பணியாள் பெரிய மனிதரை வரவேற்கிற பாவனையில், வீடு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"அரசவை ஆலோசகரம்மா, தயவு பண்ணி கதவத் தெறங்க."

வியன்னாவில் பிறந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. அரசவை ஆலோசகர் பட்டம் வர்த்தக ஆலோசகருக்கு ஒரு படி மேல். பெரிய அரசாங்க உத்தியோகஸ்தருக்குத்தான் கிடைக்கும். குடை விற்றவருக்குத் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. செத்துப்போன ஷெபெஸ்டா கடைசி வரைக்கும் அந்த ஏக்கத்தோடுதான் கண்ணை மூடினார். ஹெர்மினே இப்போது அதை ஏற்றுக்கொண்டால், இல்லாத பட்டத்தைத் திருடியவள் ஆவாள். மறுத்தால், நான் வெறும் வர்த்தக ஆலோசகரம்மாதான் என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். அந்த "வெறும்" என்ற சொல்லில்தான் சவாடில் கத்தியைச் செருகியிருந்தார்.

கீழேயிருந்து பிளாஹுட் அம்மாள் குரல் கொடுத்தாள். "அரசவையா? எப்பக் குடுத்தாங்க? நமக்கு யாரும் சொல்லவே இல்லியே. வாழ்த்துகள், அம்மா."

ஹெர்மினே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அத வாபஸ் வாங்குங்க."

"ஒரு தடவ குடுத்தத வாங்கற வழக்கம் எங்க பரம்பரையில இல்ல."

"எம் புருஷன் வர்த்தக ஆலோசகர். அவரு செத்தப்ப அதோடதான் செத்தாரு."

"செத்தவருக்கு உயர்வு கெடைக்கக் கூடாதா? சர்ச்சுல செத்தவங்களப் புனிதராவே ஆக்கறாங்க. இது அதுல பாதிகூட இல்லியே."

அவள், அதைக் கொடுக்க அவர் யார் என்றாள். போப்பா, சக்கரவர்த்தியா, இருட்டறைக் குடித்தனக்காரர்தானே என்றாள். அவர், இந்த வீட்டின் உண்மையான சொந்தக்காரன் என்ற முறையில் கொடுத்ததாகச் சொன்னார். அவள், ஏலத்தில் போன வீட்டுக்கு உண்மை என்ன பொய் என்ன என்றாள். அவர் வாத்துகளை இழுத்தார். அவள் நார்வேயைக் காட்டிய அம்பை இழுத்தாள், அது இன்னும் இரண்டாம் மாடிச் சுவரில் வர்ணத்துக்கு மேலேயும் தெரிவதாகச் சொன்னாள். அவர், அந்த அம்பைத் தப்பாக வரைந்தது அப்பா இல்லை, நார்வேதான் இடம் தப்பி இருக்கிறது என்றார். அதற்கும் அவள் ஒன்று சொன்னாள். அவரும் அதற்குச் சொன்னார். படிக்கட்டில் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் மூன்றாம் மாடி வரைக்கும் இறங்கியிருந்தது.

அப்போது வெளியே ஒரு சத்தம். பெரிய வீட்டில் யாரோ கோபத்தில் பெரிய கதவை அறைந்து சாத்திய மாதிரி. சுவர் லேசாக நடுங்கி, மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.

சவாடில் எரிச்சலோடு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "யாருய்யா அது? இங்க பேசிக்கிட்டிருக்கோம்ல. சத்தம் போடாம இருங்க."

"ஆமா," என்றாள் ஹெர்மினே. வாழ்நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

பிறகு தெருவில் சத்தமே இல்லாமல் போயிற்று. மணி அடிக்கிற வண்டிகூட இல்லை. சவாடில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். அவருடைய முகம் மாறுவதைப் பார்த்து அவளுடைய முகமும் மாறியது. அவள் சாவியைக் கதவில் போட்டாள். அவசரத்தில் அது துளைக்குள் போகவில்லை. அவர் அவள் கையைப் பிடித்து நுழைத்துவிட்டார். பட்டம் எதுவும் சொல்லாமல் கதவு திறந்தது.

உள்ளே வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு பேரும் தலையால் முட்டி, கையால் விலக்கி, ஒருவர் விரிப்பில் இன்னொருவர் சிக்கி ஜன்னலுக்குப் போனார்கள். ஜன்னல் கண்ணாடியில் புகை. சவாடில் சட்டையால் துடைத்தார். அங்கே மரங்கள் இருந்தன. மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை இருந்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் அவர் முறைத்த இடத்தில், பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெறும் வானம்.

சவாடில் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார்.

"விழுந்துடுச்சா?" என்றார் சவாடில்.

"விழுந்துடுச்சு போல," என்றாள் ஹெர்மினே.

அவர் மனசுக்குள் எதையோ தேடினார். அத்தனை வருஷமாக அந்த நிமிஷத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சிரிப்பு ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் அதற்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. விழுகிறது என்ற அந்த ஒரு காரியம் அவர் பார்வைக்கு நடக்கவே இல்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போனதாகக்கூட இருக்கலாம். எல்லாவற்றையும்விட, அந்தச் சத்தத்தைப் பார்த்து வாயை மூடு என்று சொன்ன ஆள் தானே என்பது அவருக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் ஹெர்மினே விரிப்பின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுவதற்கு ஒன்றும் தோதாக இல்லை. கரி படிந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கூடையில் திணித்தாள். அவர் உதவவில்லை, அவளும் கேட்கவில்லை.

கீழே இறங்கும்போது நாலாம் மாடிப் படியில் வீடே கூடியிருந்தது. வாழ்த்துச் சொன்ன கையோடு பிளாஹுட் அம்மாள் பிராட்டர் வரை ஓடிப்போயிருந்தாள். கூட்டத்தில் ஒரு கொழுத்த ஆளின் முதுகைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்பியிருந்தாள். ஜன்னலில் நின்றவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான், முழுக்கப் பார்த்திருப்பீர்கள், எப்படி விழுந்தது என்று கேட்டாள். எல்லோரும் சவாடிலைப் பார்த்தார்கள். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. தச்சுப்பட்டறைக்காரர் மரியாதைக்குத் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

சவாடில் ஹெர்மினேவைப் பார்த்தார். ஹெர்மினே சவாடிலைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று அவள் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால், கூரை விழுகிற நேரத்தில் பட்டத்துக்குச் சண்டை போட்டது யார் என்று அவர் சொல்லிவிடுவார்.

"பாத்தோம்," என்றாள் ஹெர்மினே.

"நல்லாவே பாத்தோம்," என்றார் சவாடில்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. ஹெர்மினே கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ராணி மாதிரி இறங்குமுன், நெருப்பு எப்படி நாக்கை நீட்டியது, கூரை எப்படிக் கடைசியில் ஒரு தரம் தலை வணங்கியது என்றெல்லாம் சொன்னாள். அது நின்ற மாதிரியே கம்பீரமாகத்தான் போனதாம். கிழக்குப் பக்கம் முதலில் சாய்ந்ததாம்.

சவாடில் பொறுத்துக்கொண்டார். தலை வணங்கியதைப் பொறுத்தார், கம்பீரத்தையும் பல்லைக் கடித்துப் பொறுத்தார். கிழக்கில் வந்ததும் அவரால் முடியவில்லை. ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு படி இறங்கினார்.

"அம்மாவுக்குப் பார்வ மங்கிப் போச்சு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "மேக்குப் பக்கம்தான் முதல்ல. பொத்துன்னு விழுந்துச்சு. சாணி மாதிரி."

ஹெர்மினே கூடையைக் கீழே வைத்தாள்.

"கெழக்கு," என்றாள்.